உதடு முன்னே, குரல் பின்னே

சென்ற ஆண்டு என் தாத்தாவின் நினைவு நாளன்று, குவீன்ஸ்டவுனில் உள்ள பாட்டி வீட்டில் நாங்கள் பதினான்கு பேர் கூடியிருந்தோம். படையல் முடிந்து, சாப்பாடு முடிந்து, எல்லாரும் வரவேற்பறையில் உட்கார்ந்த பிறகு நான் என் பையிலிருந்து ஒரு டிவிடியை எடுத்தேன். தாத்தா பேசிய தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பதிவு அது. முதல் நாள் இரவு நானே வட்டில் எழுதி, மேலே அழகாகப் பெயரும் போட்டிருந்தேன்.

முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். பத்தாவது நிமிடத்தில் என் அத்தை தலையைச் சாய்த்துத் திரையை உற்றுப் பார்த்தார். இருபத்தைந்தாவது நிமிடத்தில் தாத்தா பேசி முடித்து வாயை மூடிவிட்டார், குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி மட்டும், "உங்க தாத்தா மாதிரி இல்லையேப்பா. யாரோ பின்னாடி நின்னு பேசற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை என்று இருந்திருக்கும்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். காணொளி எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் என் வயதுக்காரர்கள் பலருக்குக் கைவந்த வேலை. உயர்நிலைப் பள்ளியிலேயே திட்டப்பணிக்குக் குறும்படம் எடுத்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நான் முப்பது நிமிடப் பதிவு ஒன்றை ஒழுங்காக ஒரு வட்டில் ஏற்ற முடியாமல் போனது எப்படி? அதைத் தேடப் போய் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் இப்படிப்பட்ட பதிவுகள் நிறைய இருக்கின்றன என்பதும், அவற்றை மாற்றித் தரும் பொறுப்பு பெரும்பாலும் நம்மிடம்தான் வந்து சேருகிறது என்பதும், அதை நாம் மிக அலட்சியமாகச் செய்கிறோம் என்பதும் என் கருத்து.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பு நண்பன் கேட்டது: "இந்தக் காலத்தில் யாருடா டிவிடி பார்க்கிறார்கள்?" என் பாட்டி பார்க்கிறார். அவருக்குத் தொலையியக்கியில் மூன்று பொத்தான்கள் தெரியும். வட்டைப் போட்டால் படம் வரும், எடுத்தால் நின்றுவிடும். கடவுச்சொல் கேட்காது, திடீரென்று புதுப்பித்துக்கொள்ளாது, இடையில் விளம்பரம் வராது. அவர் விருப்பப்பட்ட நேரத்தில், யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், தன் கணவரைப் பார்க்கலாம். எண்பதைத் தாண்டிய ஒருவருக்கு இதைவிட நல்ல கருவி எது என்று நண்பன்தான் சொல்ல வேண்டும்.

பதிவின் கதை இது. தாத்தாவும் பாட்டியும் தங்ளின் ஹால்ட்டின் பழைய புளோக் ஒன்றில் நாற்பது ஆண்டுக்குமேல் இருந்தவர்கள். பெயரிலேயே இருக்கிறது, ரயில் நின்று போன இடம் அது. ரயில் தொழிலாளர்கள் கும்பிட்ட சிறு சன்னதியாகத் தொடங்கி வளர்ந்ததுதான் இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். 2011 ஜூன் 30ஆம் தேதியோடு தஞ்சோங் பகாருக்கு ரயில் வருவது நின்றது. 2014 ஜூனில் தங்ளின் ஹால்ட்டின் 31 புளோக்குகள் மறுமேம்பாட்டுக்கு எடுக்கப்படும் என்று வீவக அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, பழைய வட்டாரங்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சிக்காகத் தாத்தாவிடம் வந்து பேட்டி எடுத்தார்கள். ரயில் வரும் சத்தத்தை வைத்து மணி சொன்ன கதை, வெள்ளிக்கிழமை பஜனை, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியோடு பலகாரம் மாற்றிக்கொண்டது என்று எல்லாம் பேசினார். பஜனையில் அவர் கஞ்சிரா வாசிப்பதையும் இருபது விநாடி காட்டினார்கள். ஒளிபரப்பான அன்று, டிஜிட்டல் பெட்டியில் யுஎஸ்பியைச் செருகி அப்பா பதிவு செய்தார். இரண்டு ஆண்டு கழித்துத் தாத்தா காலமானார். அந்த யுஎஸ்பி ஒரு பழைய மைலோ டின்னில், பாட்டியின் அடையாள அட்டை நகல்களோடு கிடந்தது.

அதை எடுத்து நான் செய்தது என்ன? இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஏதோ ஒரு மாற்றியில் கோப்பைப் போட்டேன். ஒரு பொத்தான். பத்து நிமிடம் கழித்து வேறொரு கோப்பு வந்தது. அதை இன்னொரு மென்பொருளில் போட்டேன். இன்னொரு பொத்தான். முதல் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. வட்டில் எழுதிவிட்டேன். இதோடும் நிற்கவில்லை. யுஎஸ்பியில் இடம் தேவைப்பட்டதால் மூலக் கோப்பை அழித்துவிட்டு என் பாடவேலைக்கு எடுத்துக்கொள்ள நினைத்தேன். பாட்டி, "அதை அதன் இடத்தில் வை" என்று வாங்கி டின்னுக்குள் போட்டுவிட்டதால் மட்டுமே அது இன்றும் இருக்கிறது. அழித்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

ஏன் என்று விளங்க, ஒளிபரப்பு எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் 2013 டிசம்பரில் டிஜிட்டல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. பழைய அனலாக் ஒளிபரப்பு 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றது. டிஜிட்டலில் படமும் ஒலியும் ஒரே ஓடையாக வருவதில்லை. 188 பைட் அளவுள்ள சின்னச் சின்னப் பொட்டலங்களாக நறுக்கப்பட்டு, படப் பொட்டலம், ஒலிப் பொட்டலம் என்று கலந்து வருகின்றன. எந்தப் படத்தோடு எந்த ஒலி சேர வேண்டும் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு ஒலித் துண்டுக்கும் ஒரு நேரமுத்திரை குத்தப்பட்டிருக்கிறது. ஒரு விநாடியை 90,000 பங்காகப் பிரித்த கடிகாரத்தின் எண் அது. இந்த எண்ணில் இந்தப் படத்தைக் காட்டு, இந்த எண்ணில் இந்த ஒலியை விடு என்பதுதான் உத்தரவு. விநாடிக்கு 25 படம் என்றால் ஒரு படத்துக்கு 3,600 எண், அதாவது 40 மில்லி விநாடி.

இப்போது அலைவரிசையில் ஒரு தடங்கல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி வீட்டு ஆன்டெனா தொலைக்காட்சிக்கு அருகே அலமாரியின்மேல் இருந்த சின்ன உட்புற ஆன்டெனா. ஆள் குறுக்கே நடந்தாலே படம் கட்டம் கட்டமாக உடையும். அந்த நேரத்தில் சில பொட்டலங்கள் தொலைந்துபோகின்றன. ஒலித் துண்டுகள் சிறியவை, தனித்தனியே நிற்பவை. தொலைந்தால் ஒன்றிரண்டுதான் தொலையும். படம் அப்படி இல்லை. ஒரு முழுப்படத்தை அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு வருபவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் அனுப்புவார்கள். முழுப்படம் சிதைந்தால் அதைச் சார்ந்த அடுத்தடுத்த படங்களும் போகலாம். எனவே ஒரே தடங்கலில் ஒலியைவிடப் படம் அதிகமாக இழக்கப்படுகிறது.

தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்க்கும்போது இது பெரிய சிக்கல் இல்லை. படம் ஒரு கணம் உறையும், பிறகு நேரமுத்திரையைப் பார்த்துத் தன் இடத்துக்குத் தாவிச் சேர்ந்துவிடும். ஆனால் என் மாற்றி நேரமுத்திரைகளைப் பார்க்கவே இல்லை. கிடைத்த படங்களையெல்லாம் வரிசையாக ஒட்டியது. கிடைத்த ஒலியையெல்லாம் தனியாக ஒட்டியது. இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டது. ஊர்வலத்தில் நடுவே ஆறு பேர் காணாமல் போனால், பின்னால் வருபவர்கள் நெருங்கி நடந்து முன்னே போய்விடுவார்கள் அல்லவா? படங்கள் அப்படி முன்னே போய்விட்டன. குரல் தன் நடையில் பின்னால் வந்தது.

இது தெரியாமல் நான் முதலில் செய்த திருத்தமும் தவறு. ஒலியை மொத்தமாக அரை விநாடி முன்னுக்கு நகர்த்தினேன். அவிடெமக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களில் இந்த வசதி இருக்கிறது, மில்லி விநாடிக் கணக்கில் நகர்த்தலாம். கடைசிப் பகுதி ஓரளவு சரியானது. முதல் பகுதி கெட்டது. இப்போது தாத்தா வாயைத் திறப்பதற்கு முன்னே பேசினார். அது இன்னும் மோசம்.

பிறகுதான் பொறுமையாக உட்கார்ந்து அளந்தேன். தொடக்கத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம், முடிவில் ஓரிடம் என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்த்ததுதான் என் முதல் தவறு. மூன்று இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் ஒரு நகர்த்தலில் தீரும். நேரம் போகப் போகச் சீராக விலகல் கூடினால் வேகம் எங்கோ மாறியிருக்கிறது. படிக்கட்டுபோல் சில இடங்களில் மட்டும் தாவினால் அங்கே எதுவோ தொலைந்திருக்கிறது. என்னுடையது படிக்கட்டு. ஏழாவது நிமிடத் தடங்கலில் 6 படம், பதினான்காவது நிமிடத்தில் 5, இருபத்திரண்டாவது நிமிடத்தில் 7. மொத்தம் 18 படம். ஒன்றுக்கு 40 மில்லி விநாடி என்றால் 720 மில்லி விநாடி. முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவு.

முக்கால் விநாடிகூட இல்லையே, அதற்கா இவ்வளவு என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது.

அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரை ஒன்று இருக்கிறது. பார்ப்பவர்களை வைத்துச் சோதித்ததில், ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே மனிதர்கள் கண்டுகொள்கிறார்கள், 125 மில்லி விநாடி பிந்தினால் கண்டுகொள்கிறார்கள் என்கிறது அது. முந்துவதைவிடப் பிந்துவதை நாம் அதிகம் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம் எளிது. இயற்கையில் ஒலி எப்போதும் பிந்தித்தான் வருகிறது. மின்னல் முன்னே, இடி பின்னே. பெரிய அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால், மேடையில் மிருதங்கக்காரரின் கை விழுவதற்கும் சத்தம் நம் காதில் விழுவதற்கும் இடைவெளி இருக்கும். 34 மீட்டர் தொலைவுக்கு நூறு மில்லி விநாடி. நம் மூளைக்கு அது பழக்கம்.

அந்தக் கணக்கில் 720 மில்லி விநாடி என்பது ஏறக்குறைய 245 மீட்டர். தாத்தாவின் முகம் இரண்டடி தூரத்தில் திரையில் இருக்கிறது, குரல் இரண்டு மூன்று புளோக் தள்ளி நின்று வருகிறது. "யாரோ பின்னாடி நின்னு பேசற மாதிரி" என்று பாட்டி சொன்னது உவமை இல்லை. மிகச் சரியான அளவீடு.

தமிழர்களாகிய நமக்கு இந்த ஒட்டுதலின் அருமை தெரிந்திருக்க வேண்டும். நம் திரைப்படப் பாடல்கள் முழுவதும் இதன்மேல்தான் நிற்கின்றன. பாடகர் முதலில் பாடிவிடுவார். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிகர் வாயசைப்பார். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி கணேசனின் தொண்டை நரம்பையும் டி.எம். சௌந்தரராஜனின் குரலையும் யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டு வேறு மனிதர்களின் உதடும் குரலும் ஒன்றாகப் பொருந்தினால் ஒரே ஆள் ஆகிவிடுகிறார்கள். ஒரே மனிதரின் உதடும் குரலும் பொருந்தாவிட்டால் அவர் வேறு ஆள் ஆகிவிடுகிறார். பரதநாட்டியம் ஆடும் தோழிகளிடம் கேட்டுப் பாருங்கள். தட்டிய காலுக்கும் நட்டுவாங்கத் தாளத்துக்கும் நடுவே இரண்டு படம் விலகினாலே அவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆடியவர் தாளம் தப்பியதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்களே என்ற கவலை.

சரிசெய்யும் வழிக்கு வருகிறேன். மாற்றிய கோப்பை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதில் பயன் இல்லை. மூலக் கோப்புக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் நேரமுத்திரைகள் அதில்தான் இருக்கின்றன. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி அவற்றைப் படிக்கும். அதனிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். விநாடிக்குச் சீராக 25 படம் வேண்டும், எங்கே படம் குறைகிறதோ அங்கே முந்தைய படத்தைத் திரும்பக் காட்டி இடத்தை நிரப்பு. ஒலி எங்கே தொலைந்திருக்கிறதோ அங்கே அதே அளவு மௌனத்தை வை. தொலைந்தது தொலைந்ததுதான், திரும்பி வராது. ஆனால் அதன் இடம் காலியாகவாவது காக்கப்படும். பின்னால் வருபவை முன்னே ஓடாது. பழைய எம்பெக்-2 ஒளிபரப்புப் பதிவுகளுக்குப் புராஜெக்ட்எக்ஸ் என்ற கருவி இதே வேலையைச் செய்து வந்தது. கட்டளை வரியில் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கணினிப் பாடத்தில் நாம் செய்வதைவிட எளிது.

டிவிடிக்கென்று சில கண்டிப்பான விதிகள் இருக்கின்றன. எச்டி ஒளிபரப்பு 1920க்கு 1080 புள்ளிகள். டிவிடியில் நம் வட்டாரத்தின் பால் முறைக்கு 720க்கு 576தான். படம் எம்பெக்-2 வடிவில் இருக்க வேண்டும். டிஜிட்டல் ஒளிபரப்புகளில் சாதாரணமாக வரும் ஏஏசி ஒலியை டிவிடி ஏற்காது, ஏசி-3 போன்ற ஒன்றாக மாற்ற வேண்டும். ஒலியின் மாதிரி வீதம் 48,000. இணையக் காணொளிகளில் அடிக்கடி வரும் 44,100ஐ முறையாக மாற்றாமல் 48,000 என்று பெயர் மட்டும் போட்டுவிட்டால், பேச்சு வேகமாக ஓடி முடிந்துவிடும், சுருதியும் ஏறிவிடும். அகலத்திரை என்று குறிக்க மறந்தால் எல்லாரும் ஒல்லியாக உயர்ந்து நிற்பார்கள். எஃப்எஃப்எம்பெக்கில் 'பால் டிவிடி' என்ற இலக்கைத் தேர்ந்தெடுத்தால் இவற்றில் பெரும்பாலானதை அதுவே பார்த்துக்கொள்கிறது. பிறகு டிவிடிஸ்டைலர் போன்ற ஒன்றில் பட்டியல் பக்கம் அமைத்து எழுதலாம். ஆசைப்பட்டு ஒரே வட்டில் ஐந்து மணி நேரத்தைத் திணிக்காதீர்கள். 4.7 ஜிபி வட்டில் ஒரு மணி நேரம் நல்ல தரத்தில் இருக்கும், இரண்டு மணி நேரம் பரவாயில்லை, அதற்குமேல் முகங்கள் களிமண் ஆகும்.

இன்னொரு பொறி இருக்கிறது. தீபாவளி சிறப்பு நிகழ்ச்சிபோல் நீளமானதைப் பதிவு செய்திருந்தால், யுஎஸ்பியில் அது இரண்டு மூன்று கோப்பாகப் பிரிந்திருக்கக்கூடும். பல யுஎஸ்பிகள் இருக்கும் பழைய முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் பெட்டி அங்கே வெட்டி அடுத்ததைத் தொடங்கிவிடும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே மாற்றிவிட்டு ஒட்டாதீர்கள். படத்தின் அலகு 40 மில்லி விநாடி, ஏசி-3 ஒலியின் அலகு 32 மில்லி விநாடி. இரண்டும் ஒரே இடத்தில் முடிவது அரிது. ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் மூலத் துண்டுகளைச் சேர்த்துவிட்டுப் பிறகு ஒரே தடவையாக மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு மாலை முழுவதும் வீணானது. கணினியில் சரியாக இருந்த வட்டு, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் குரல் முந்தியது. மறுபடியும் கணக்கு, மறுபடியும் அளவு. கடைசியில் பார்த்தால் குற்றம் வட்டில் இல்லை. தட்டைத்திரைத் தொலைக்காட்சி படத்தை மெருகேற்றக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது, அப்பா தனியாக வைத்திருக்கும் ஒலிபெருக்கிக்கோ ஒலி உடனே போய்விடுகிறது. வட்டைக் குறை சொல்வதற்குமுன் இரண்டு இடங்களில் ஓட்டிப் பாருங்கள். எனக்குக் கை கொடுத்தது அந்தக் கஞ்சிராதான். பேச்சில் உதட்டைப் பார்த்துத் தீர்மானிப்பது கடினம். விரல் தோலில் படும் படத்தையும் 'டப்' என்ற ஒலியையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது எளிது. உங்கள் பதிவில் கைதட்டல், கதவு சாத்துவது, தேங்காய் உடைப்பது என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் சொல்லும் மற்றொரு சமாதானம், "எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே". எல்லாம் இல்லை. பெரிய படங்களும் பெரிய நாடகத் தொடர்களும் இருக்கும். உங்கள் சின்னம்மா நாற்பது விநாடி ஆடிய பள்ளி நிகழ்ச்சிச் செய்தி இருக்காது. 2015இல் தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து சமூகத்தினர் சுதந்திரத்திற்குப் பிந்திய 50 ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னிலக்கமாக்கினார்கள். அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர்கள் உட்கார்ந்து செய்த வேலை அது. பிறகு நாடகம், இசை, நடனம் என்று அந்த முயற்சி விரிந்தது. யாரோ ஒருவர் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்ததால்தான் கொடுக்க முடிந்தது. நம் வீட்டு மைலோ டின்களைப் பற்றி யாருக்கும் தெரியாது, நமக்குத்தான் தெரியும்.

இதில் ஒரு வரம்பும் இருக்கிறது. என் அத்தை மகன் தாத்தா நிகழ்ச்சியை இணையத்தில் ஏற்றச் சொன்னான். நான் மறுத்துவிட்டேன். பேசியவர் என் தாத்தாதான், ஆனால் நிகழ்ச்சி அதைத் தயாரித்தவர்களுடையது. வீட்டில் பார்ப்பதற்காகப் பதிவு செய்து வைப்பது ஒன்று, ஊருக்கெல்லாம் பரப்புவது வேறு. அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தமிழ்மொழி மன்றங்களில் பேச்சுப் போட்டி நடத்துகிறோம், ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழாவுக்குக் காணொளி தயாரிக்கிறோம். புதிதாக உருவாக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், மதிப்பெண்ணும் அதற்குத்தான். இருப்பதைக் கெடுக்காமல் அடுத்த கருவிக்கு மாற்றுவதற்கு வகுப்பு இல்லை. பள்ளியில் ஒரு பிற்பகல் ஒதுக்கி, வட்டார மூத்தோரிடம் இருக்கும் பதிவுகளை மாணவர்கள் மாற்றித் தரும் சமூக சேவைத் திட்டம் ஒன்றை ஏன் நடத்தக் கூடாது? செலவு அதிகம் இல்லை. என் மடிக்கணினியில் வட்டு எழுதும் வசதி இல்லாததால், சிம் லிம் ஸ்குவேரில் வெளியே செருகும் கருவி ஒன்றும் வெற்று வட்டுகள் ஒரு பெட்டியும் வாங்கினேன். அடுத்த ஆளுக்கு அதை இரவல் தருவதில் எனக்குத் தடை இல்லை. இதைத் தள்ளிப்போடவும் முடியாது. எழுதும் வட்டில் இருக்கும் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் கெடும். யுஎஸ்பி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் திறக்காது. அதனால் வட்டு பார்ப்பதற்கு மட்டும்தான். எச்டி மூலக் கோப்பைத் தொடாமல் இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் வைத்திருக்கிறேன், ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று அத்தை வீட்டில். 576 வரிகளாகச் சுருக்கிய படத்தை மறுபடி 1080 ஆக்க முடியாது. நாளைக்கு டிவிடி இயக்கியே இல்லாமல் போனால் அந்த மூலத்திலிருந்துதான் அடுத்த வடிவம் வர வேண்டும்.

புது வட்டைப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. நானும் அவரும் மட்டும். அவரே வட்டைப் போட்டார். தாத்தா ரயில் கதையைச் சொன்னார், கஞ்சிரா வாசித்தார், சிரிக்கும்போது தொடையில் தட்டினார். தட்டிய நேரத்தில் சத்தம் வந்தது. பாட்டி ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினான்காவது நிமிடத்தில் படம் ஒரு கணம் உறைந்தது. தொலைந்த 5 படங்களுக்குப் பதிலாக ஒரே படம் நிற்கும் இடம் அது. கவனிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

"இங்க ஏன் நிக்கிறாரு?"

அன்றைக்கு ஆன்டெனாவில் ஏதோ தடங்கல், அந்தப் பகுதி வரவில்லை, என்னால் கொண்டுவர முடியாது என்றேன்.

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "நான்தான் குறுக்கே போனேன்" என்றார். "டிவியில வந்த தன்னையே பாத்துக்கிட்டு, டீ கொண்டா, டீ கொண்டான்னு ஒரே சத்தம். கொண்டுபோய்க் கொடுத்தேன்."

பிறகு தொலையியக்கியை எடுத்து, அந்த இடத்தைத் திரும்ப ஓட்டச் சொல்லி என்னிடம் நீட்டினார்.